அரைப்புள்ளி

போன தை மாதம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். வந்தது வந்தோம், புள்ளி வரியையும் கட்டிவிடலாம் என்று கோயில் கணக்கு எழுதும் இடத்துக்குப் போனேன். கணக்கு எழுதும் பையனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடிக்கணினியில் எங்கள் வீட்டு விலாசத்தைத் தேடி எடுத்தவன் கொஞ்சம் தயங்கினான். “ஆச்சி, அண்ணன் தவறி ரெண்டு வருஷம் ஆச்சுல்ல... இனி அரைதானே? மாத்திப் போட்டுரவா?” என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். ஊர்க் கட்டு அது, அவன் போட்டதில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. “இந்த வருஷம் முழுசாவே போட்டுருங்க தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதை மடிக்கக்கூட இல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

புள்ளி என்றால் என்ன என்று எங்கள் செட்டிநாட்டு நகரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரே வரி: கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஊர்ப் பொதுவுக்கும் கோயிலுக்கும் தலைக்கட்டு வரி அந்தக் கணக்கில்தான். கணவன் போய்விட்டால் மனைவி அரைப்புள்ளி. வரியும் பாதியாகிவிடும். சலுகை மாதிரிதான் அதைச் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் படைப்புச் சாப்பாட்டுக்கு இலையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து இலையிலிருந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஏன்த்தா கலங்குற? நீ யாரு, உங்க பெரியாயா வம்சம். அவுக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. கல்லு மாதிரி நின்னாக. நீயும் நின்னுருவ” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு பேச்சும், அரையும் கல்லும், ரயில் ஏறிச் சென்னை வந்த பிறகும் என்னை விடவில்லை. பெரியாயா உண்மையிலேயே கல்லா? அப்படியே இருந்தாலும் கல்லாக இருப்பதைத்தான் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாரா? ஒரு வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடத் தவணை

பெரியாயா என் ஆயாவை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பெற்ற ஆத்தா. 1918இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம், பதினெட்டில் என் ஆயா பிறந்தார். ஒரே பிள்ளை, பெண் பிள்ளை. பெரியாயாவின் கணவரான பாட்டையா, பர்மாவில் இருந்த நம்மவர் வட்டிக் கடை ஒன்றுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போன ஆள். மூன்று வருடத் தவணை. போய், கொண்டுவித்து (தொழில் பார்த்து), கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி போக வேண்டும். 1938 கடைசியில் புரோமில் இருந்த கடைக்கு ஏஜெண்டுக்கு அடுத்தாளாகப் போனார். ஆயாவுக்கு அப்போது இரண்டு வயது.

அந்தக் காலத்துப் பர்மாவைப் பற்றி எங்கள் வீடுகளில் பெருமையாகத்தான் பேசுவோம். வளவுத் தூணை, அதாவது உள்முற்றத்துத் தூணைத் தொட்டுக் காட்டி, “பர்மாத் தேக்கு” என்போம். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் கட்ட முடியாமல் போனதில், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நம்மவர் கடைகளின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நிலத்தை இழந்த வீடுகளிலும் ஒரு பெரியாயா இருந்திருப்பார். அதையும் நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1941 கார்த்திகையில் பாட்டையாவின் கடைசிக் கடிதம் வந்தது. தவணை முடிகிறது, தை பிறந்ததும் கப்பல் ஏறுகிறேன், பிள்ளைக்கு ஒரு சிவப்பு மரவை (அரக்குப் பூசிய பர்மாப் பாத்திரம்) வாங்கி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாராம். டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். எங்கள் ஊர்களில் அது பிள்ளையார் நோன்பை ஒட்டிய நாள். மாவில் நூல் இழையைத் திரியாக வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வீடு வீடாகக் கூடியிருந்த நேரம். செய்தி வந்து சேர இரண்டொரு நாள் ஆகியிருக்கும். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பலுக்கு வழியில்லாதவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டு பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு பாதை. புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தௌங்கூப் வந்து, படகில் அக்யாப் போய், அங்கிருந்து சிட்டகாங் போவது இன்னொரு பாதை. வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் பல்லாயிரம்.

ஊருக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கால் வீங்கி, தலைமுடி கொட்டி, கட்டிய வேட்டியோடு. பாட்டையா வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. மலையடிவாரம் வரை ஒன்றாக வந்தோம், அப்புறம் பிரிந்துவிட்டோம் என்று மட்டும் ஒருவர் சொன்னாராம். பெரியாயாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது.

சீதனப் பணம் முழுதும் அந்தக் கடையிலேயே வட்டிக்குக் கிடந்தது. ஆச்சிமார் பணம் என்று தனிக் கணக்கே உண்டு. அது போயிற்று. மிச்சம் இருந்தது பெரிய வீட்டில் ஓர் அறை, மூன்றாங்கட்டில் ஓர் அடுப்பு, சாமான் அறையில் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், பிறகு கல்யாணத்தில் பூட்டிய தங்கக் கழுத்துரு. ஒரே கூரைக்குக் கீழே நாலு கொழுந்தன்மார் வீட்டு அடுப்புகளும் எரியும். தனி அடுப்பாக வேறு வைத்த பிறகு அவரவர் அரிசி அவரவருக்கு. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லோர் பணமும் பர்மாவில்தான் இருந்தது. கேட்டாலும் கொடுக்க ஆளில்லை.

அவர் பாத்திரங்களை விற்றார். வருடத்துக்கு ஒன்றிரண்டு, எடைக்கு. அண்டா, குத்துவிளக்கு, தவலை, கடைசியில் சோற்று வட்டில்வரை. அந்தப் பணத்தில் கொஞ்சத்தைக் கண்டாங்கி நெய்கிறவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, ரூபாய்க்கு இத்தனை என்று வட்டி வாங்கினார். கொட்டான் முடைந்து விற்றார். பலகாரம் செய்து கொடுத்தார், கூலிக்கு. கழுத்துருவை மட்டும் தொடவில்லை. பாட்டையாவுக்கு அறுபது வயதாகும்போது மணிவிழாச் சாந்திக்கு அதைக் கழுத்தில் போட வேண்டுமே என்பாராம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் வீடுகளிலிருந்து போன பித்தளையும் எனாமலும் மரச் சாமானும் அங்கே குவிந்து கிடக்கும். எப்போது போனாலும் பாத்திரங்களைக் கவிழ்த்து அடியில் வெட்டியிருக்கும் பெயர் எழுத்தைப் பார்ப்பேன். பெரியாயாவின் எழுத்து ஒன்றாவது கண்ணில் படாதா என்று. இதுவரை பட்டதில்லை.

பந்தலில் கேட்ட கேள்வி

இனி வருவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். 1954. என் ஆயாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பாட்டையா காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம் என்பது பெரியவர்கள் சொல். கல்யாணத்துக்கு முன்னால் அதை முடித்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். காரியம் ஆனதும் ஒரு கொழுந்தன் பிள்ளைக்கு மஞ்சள் நீர் கொடுத்துச் சுவீகாரம் கூட்டிக்கொண்டால் புள்ளியும் அறுந்து போகாது. ஆத்தா இரண்டாங்கட்டோடு இருந்துகொள்ளலாம், மற்றதைப் பங்காளி வீட்டுச் சுமங்கலிகள் பார்த்துக்கொள்வார்கள். யோசனையில் குறை ஒன்றும் இல்லை, பெரியாயா ஒருவரைத் தவிர.

பெரியாயா அறைக்குள் போய் நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்து முகப்பில் விரித்தாராம். 1943 தை முதல் வருடா வருடம் புள்ளி வரி கட்டிய கணக்கு. எல்லா வருடமும் முழுப்புள்ளி. ஓலைக் கொட்டான் விற்ற காசிலிருந்து முழுப்புள்ளி. “அவுக இல்லைன்னு யாருக்காவது தெரிஞ்சிருந்தா எங்கிட்ட அரைதானே வாங்கியிருக்கணும்? வரி வாங்குறப்ப முழுசா வாங்குனீக, பந்தல்ல நிக்கிறப்ப மட்டும் அரையா?” என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. ஆயா கல்யாணத்தில் பெரியாயா குங்குமம் வைத்துக்கொண்டு, அரக்குக் கண்டாங்கி கட்டி, முகப்பில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தார். பங்காளி வீட்டு அம்மா ஒருவர் இலையில் உட்காராமலே போய்விட்டாராம். ஆயா அதை மறக்கவே இல்லை. எழுபது வயதுக்குப் பிறகும், அந்த அம்மா எந்தப் படியில் இறங்கிப் போனார் என்று காட்டுவார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது. எனக்கு ரொம்பப் பிடித்த கதையும் இதுதான். ஊரை எதிர்த்து நின்ற பெண் என்றுதான் பெரியாயாவை மனதில் வைத்திருந்தேன். ஆனால் நான் பார்த்த பெரியாயா எப்போதும் வெள்ளைச் சேலைதான். குங்குமம் இருந்த நெற்றியை நான் பார்த்ததே இல்லை. அந்த மாற்றம் எப்போது நடந்தது என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் இப்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு கதை நன்றாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம் போலிருக்கிறது.

எனக்குப் பதின்மூன்று வயதாகும்வரை அவர் இருந்தார். கோடை விடுமுறையில் வளவுத் தூணில் சாய்ந்து கொட்டான் முடைந்துகொண்டே எனக்குக் கீழ்வாய்க் கணக்கு என்ற பழைய பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் தசமம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது வேறு உலகம். “அரையில பாதி?” கால். “கால்ல பாதி?” அரைக்கால். “அரைக்கால்ல பாதி?” மாகாணி. “காலே அரைக்கால்ல பாதி?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மும்மாகாணி என்று சரியாகச் சொல்லிவிட்டால் ஒரு மாவுருண்டை கிடைக்கும். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். “ஏன் இல்லாம? கீழ்முந்திரி இருக்கு. அங்கேயிருந்து மறுபடி ஆரம்பிக்கும்” என்றார், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் பேச்சில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் இந்த மாதிரிக் கணக்குப் பேச்சுதான். தைரியமாக இரு என்றோ அழாதே என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை.

டிரங்குப் பெட்டி

ஊரிலிருந்து திரும்பிய வாரமே அம்மாவிடம் பெரியாயாவின் நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். ஆயா காலமான பிறகு அந்தத் தகர டிரங்குப் பெட்டி அம்மா வீட்டுப் பரணில் இருந்தது. பதினெட்டு நோட்டுகள். முதல் இரண்டில் செல் அரித்துவிட்டது, மற்றவை நன்றாகவே இருந்தன. ஐந்தொகை மாதிரி வரவு இந்தப் பக்கம், பற்று அந்தப் பக்கம். எழுத்து பெரிதாக, புள்ளி வைக்காத மெய்யெழுத்தோடு. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது, மூன்று மாதம் இரண்டிலும் எழுதி ஒத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மார்கழியிலும் பிள்ளையார் நோன்புச் செலவு: மாவுக்கு, நெய்க்கு, இழைக்கு. பக்கத்தில் மூன்று என்று எண்ணிக்கை. ஆயா கல்யாணமாகிப் போன பிறகு இரண்டு.

அவர் ஓர் ஆள்தானே, ஏன் இரண்டு இழை என்று அம்மாவிடம் கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி இரண்டு இழை எடுத்துக்கொள்வது உண்டு, தனக்கொன்று, வயிற்றில் இருப்பதற்கு ஒன்று. அம்மா சிறிது நேரம் யோசித்தார். “ஆமா, பெரியாயா ரெண்டு எடுப்பாக. ஒன்னு அவுகளுக்கு, ஒன்னு ஐயாவுக்கு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, எனக்கும் ரெண்டு வேணும்னு அழுதிருக்கேன்” என்றார்.

1964 மார்கழியில் அந்த எண்ணிக்கை ஒன்று. 1965 தையில், புள்ளி வரி என்று எழுதி எதிரே இரண்டு ரூபாய். அதற்கு முந்தின வருடம்வரை நாலு ரூபாய். வரிக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: அரை.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். ஐப்பசியில் ஒரு நாள். மூன்று வரி. பர்மாக்காரருக்கு வழிச்செலவு 5.00. வெள்ளைச் சேலை இரண்டு 23.00. பால் 0.30.

பர்மாக்காரர் யார் என்று கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அறுபது வருடமாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மாவுக்கு அப்போது ஏழு வயது, தீபாவளிக்குப் பெரியாயா வீட்டுக்கு வந்திருந்தார். அந்த வருடம்தான் பர்மாவில் ராணுவ அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மிச்சமிருந்த நம் ஆட்கள் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். அப்படி வந்த ஒருவர், மழை நாளில், முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாராம். வயதானவர், தமிழ் தடுமாறிப் பேசினார். 1942இல் பாட்டையாவோடு நடந்தவர் அவர். அவருக்கும் காய்ச்சல் கண்டு மலையில் விழுந்து கிடந்திருக்கிறார். பர்மியர்கள் யாரோ தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கடிதம் எழுதலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததாகவும், என்னவென்று எழுதுவது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். தலை நிமிரவே இல்லை என்கிறார் அம்மா. இருபத்திரண்டு வருடம்.

தௌங்கூப்புக்கு இரண்டு நாள் நடை இருக்கும்போது பாட்டையாவுக்குக் காலரா கண்டது. இரண்டு நாள்தான். அதைத் தாண்டியிருந்தால் படகு. அம்மா அப்போது கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். பெரியாயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“தண்ணி குடுத்தீகளா?”

“குடுத்தேன் ஆச்சி. என் கையாலதான் குடிச்சாக.”

“சரி. சாப்பிட்டுப் போங்க.”

இலை போட்டு, வடை சுட்டுப் பரிமாறினார். போகும்போது ஐந்து ரூபாய் கொடுத்தார். அவர் வாங்க மாட்டேன் என்று அழுதிருக்கிறார், கையில் திணித்து அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து கிணற்றடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மறுநாள் வெள்ளைச் சேலை. பங்காளிகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக் காரியத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் யார் சொல்லியும் செய்யாததை, யாரும் சொல்லாமல் செய்தார். சுவீகாரம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார். “எனக்கு மக இருக்கா.” கழுத்துருவை எடுத்து நிறுத்துப் பார்த்து, எடையை நோட்டில் எழுதி, பேத்தி கல்யாணத்துக்கு என்று குறித்து வைத்தார். 1978இல் அதுதான் அம்மா கழுத்தில் ஏறியது.

அன்றிரவு அழுதார்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகாரமாகக் கேட்டது. கல் என்ற அந்தப் பேச்சை அம்மா உடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தேன் போல.

“தெரியலைத்தா. பக்கத்துலதான் படுத்திருந்தேன். தூங்கிட்டேன், ஏழு வயசு” என்றார் அம்மா.

அழவே இல்லை என்று ஊரே சொல்கிறது. அந்த அறையில் இருந்த ஒரே சாட்சி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

யார் எழுதுவது

அதற்குப் பிறகு பல நாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தலில் கேட்ட கேள்வி இப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஊரோடு மல்லுக்கு நின்ற பேச்சாக அது தோன்றவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன் என்ற கணக்குப்பிள்ளையின் பேச்சு அது. பாட்டையா இருக்கிறார் என்றும் பெரியாயா எங்கேயும் எழுதவில்லை. இல்லை என்று தகவல் வராதவரை புள்ளி முழுசு, அவ்வளவுதான். வந்த அன்று அரை. அந்த அரையைத் தன் கையால் எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கூடுதலாகக் கட்டியது நாற்பத்து நாலு ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை அண்டா, எத்தனை கொட்டான் என்று நோட்டிலேயே இருக்கிறது. ஒரு தவலை நாலே கால் ரூபாய்க்குப் போயிருக்கிறது, 1944இல்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் கணவர் விஷயத்தில் தெரியாதது ஒன்றும் இல்லை. மருத்துவமனை வாசலில் நானேதான் நின்றேன். கையெழுத்துப் போட்டது நான். தண்ணீர் கொடுக்க விடவில்லை. உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டார்கள், அதைக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்தேன். அதனால் போன தையில் நான் முழுசாகப் போடச் சொன்னதும் பெரியாயா முழுசாகக் கட்டியதும் ஒன்றில்லை. ஊருக்கு வந்த நாளில் இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டேன், ரயிலில் அதை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். அதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு எழுத முடியவில்லை, அதுதான் விஷயம். பையன் மாற்றிப் போடட்டுமா என்று கேட்டபோது வலித்தது அரை என்ற சொல் என்று நினைத்தேன். சொல்லும் வலித்ததுதான். ஒரு மனுஷியைப் பாதி என்று எழுதும் கட்டு எனக்கு உவப்பில்லை, அடுத்த தலைமுறை அதை மாற்றினால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. என் கணவர் போனதிலிருந்து வீட்டில் எதையும் நான் மாற்றவில்லை. எரிவாயு இணைப்பு அவர் பெயரில். வண்டி அவர் பெயரில். அவருடைய கைபேசிக்கு மாதாமாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். யாரும் அழைப்பதில்லை. மேஜை இழுப்பறையில் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் மகள் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பெரியாயாவின் எழுத்தை வாசிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பர்மாக்காரர், சேலை, பால் என்று மூன்று வரியையும் விரல் வைத்து வாசித்தாள். கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “பாலையும் எழுதியிருக்காங்க” என்றாள். அப்புறம், “அரைன்னா சரி. அரைக்கால்னா என்னம்மா?” என்று கேட்டாள். அன்று ராத்திரி பதினொரு மணிவரை இருவரும் உட்கார்ந்து முந்திரிவரைக்கும் இறங்கினோம். மும்மாகாணியில் தடுக்கினாள், நானும் தடுக்கினேன். தாளில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அவளுக்குக் கொடுக்க வீட்டில் மாவுருண்டை இல்லை. வர்ற தைக்கு நானும் ஊருக்கு வர்றேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த மாதம் ரீசார்ஜ் 23ஆம் தேதி முடிகிறது. கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன்.